மிதக்கும் பெட்டியை எங்கே பிடிப்பது

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு ராஜஸ்ரீயின் நமஸ்காரம். முட்டுவலிக்குப் புதுத் தைலம் கேட்கிறதா? நான் சௌக்கியம்.

இன்று எழுந்ததும் காபிகூடப் போடாமல் லேப்டாப்பைத் திறந்தேன். ஆபீசில் சின்னச் சிக்கல், கவலைப்படாதே. விண்வெளிக்குப் போகும் கேமராப் பெட்டி வெயிலில் எவ்வளவு வளையும் என்று கணக்கிடுகிறோம். அங்கே அதைத் தாங்க எதுவும் இல்லை. ஆனால் எங்குமே பிடிக்காவிட்டால் கணினியில் பெட்டி நழுவிப்போகும், விடை வராது. அதனால் நகராமல் இருக்கும் அளவுக்கு மட்டும், மூன்று புள்ளிகளில் பிடிக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் வினீத், சோதனை மேஜையில் போல்ட் போடும் பழக்கத்தில், கணினியிலும் அடித்தட்டு முழுவதையும் இறுக்கிவிட்டான். பெட்டி வளையவே இல்லை. நான் மூன்று புள்ளிகளில் பிடித்துப் பார்த்தேன். கேமராவின் பார்வை தப்பும் அளவுக்கு வளைகிறது.

மேலாளர் மஹேஷுக்கு உடனே போன் செய்து சொன்னேன்.

"வினீத்தோட ரிசல்ட் நன்னாத்தானே வந்திருக்கு? இனி ஒண்ணும் கிளறாதே ராஜஸ்ரீ. நாளைக்கு ரிவ்யூ, நீ சைன் பண்ணினா போதும், கேட்டோ" என்றார். பிறகு சிரித்தார். "உன் கான்ட்ராக்ட் புதுக்கற பேப்பரும் என் கையிலேதான் இருக்கு."

தம்பி சாய் இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் கொடுத்தனுப்பு. ஒருத்திக்காகச் சமைக்கத் தோன்றுவதில்லை, தினமும் தயிர்சாதம்தான். மாடி அறையை இப்போதைக்கு யாருக்கும் வாடகைக்கு விடாதே.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இது உன் கைக்கு வரும்போது ரிவ்யூ முடிந்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன்
ராஜஸ்ரீ