முன்னால் வெட்டிய துண்டு

ஞாயிறு இரவு

எங்கள் வெங்காய ஆட்டோவின் ஒலிபெருக்கியில் போட, திண்டிவனம் தையல்கடை விமலாவைக் கூவவைத்துப் பதிவு செய்து வந்தார் என் வீட்டுக்காரர்.

"நானே பேசியிருப்பேனே," என்றேன்.

"நீ பேசுனா சண்டை போடுற மாரி இருக்கும். கூவுறதுக்கு முன்னாடி வர்ற பேச்ச மட்டும் வெட்டிக் குடு, ஜல்தி."

போனில் ஆடியோ வெட்டும் இணையதளத்தைத் திறந்து ஃபைலை ஏற்றினேன். தொடக்கத்தில் விமலா சொல்கிறாள்: "நீங்க பாத்துக்கினே இருந்தா எனக்கு வாய் கொழறுது." உடனே இவர் சிரிக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு.

அதை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தேன். நாளை விக்கிரவாண்டி முழுக்க அவள் குரல்தான் கேட்கும்.

வெட்டிய துண்டைத் தனியாக வைத்திருக்கிறேன். இவர் பக்கத்தில் தூங்குகிறார். காதில் ஹெட்போனோடு ஐந்தாவது தடவையாகக் கேட்கிறேன்.