கப்பல் திரும்ப இடம் வேண்டும்

பாளையங்கோட்டை, ஐப்பசி ஞாயிறு.

தூக்கம் வரவில்லை. இன்று அம்மாவோடு வண்ணார்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வங்காளத்தில் என்ன வேலை என்று கேட்டார். ஆற்றுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் திரும்பும் இடத்தை அகலப்படுத்துகிறோம் என்றேன்.

"எதுக்கு தம்பி? இந்தச் சந்துக்குள்ள நான் பஸ்ஸையே திருப்பியிருக்கேன். ஓட்டத் தெரியாதவந்தான் எடம் கேப்பான்."

நான் சிரித்துவிட்டு முறுக்கைத் தின்றிருக்கலாம். பொறுக்கவில்லை. இரண்டு காபி டம்ளர்களைக் கரைகளாக வைத்தேன். டிவி ரிமோட்தான் கப்பல்.

"இதுதான் ஆறு மாமா. திரும்பும்போது முழுக் கப்பலும் குறுக்க வரும்லா" என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். ஒரு கரை சாய்ந்து, காபி அவருடைய வெள்ளை வேட்டியில் ஓடியது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வேட்டியைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார்.

"அகலப்படுத்தத்தான் செய்யணும் போல" என்றார்.

சம்பந்தம் போச்சு என்று வழியெல்லாம் அம்மா புலம்பினாள். கண்ணை மூடியிருந்தவள் ஒன்றைப் பார்க்கவில்லை. பெண் துணியோடு வந்து மேசையைத் துடைத்தாள். மிச்சமிருந்த டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். ரிமோட்டை என் பக்கம் நகர்த்தி, பைய, "இப்பத் திருப்புங்க" என்றாள்.