நிப்பாட்டக் கூடாத படம்

அண்ணை,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பத்து வருடமாக உங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தும், நீங்கள் போட்ட அந்தப் படத்தை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நித்திரை கொண்டேன். கண் வருத்தம் என்று சொன்னது பொய்.

இன்று உங்கள் மகள் ஒரு பெட்டியோடு என் வாசலில் நின்றாள். புது மட்டை மணம்.

"அங்கிள், அப்பா சாக முதல் ஓடர் பண்ணினது. உங்கட பேர்தான் போட்டிருக்கு."

திறந்தால் அதே படம்! நாசிகளின் முகாம்களில் இருந்து தப்பிய யூதர்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொல்லும் ஏழு மணித்தியாலப் படம். பழுது நீக்கிப் புதிதாக்கி, நாலு டிஸ்க்கில். "கசெட்டில கோடு கோடாய் ஓடுது, ஒண்டும் தெரியேல்லை" என்று நான் சொல்லிவந்த சாக்குப்போக்கையும் பறித்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். செத்தும் விடமாட்டீர்களா?

ஞாயிறு பூசை முடிந்ததும் வில்லரேப் பகுதியில் உங்கள் வீடு. கிழமை முழுக்கச் சலவைத் தொழிற்சாலையில் இரண்டு பேரும் ஒரே மேசையில் துவாய் மடித்தவர்கள்தான். களைப்பு மட்டும் எனக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படத்தின் கீழே ஓடும் ஆங்கில வரிகளை நீங்கள்தான் தமிழில் சொல்வீர்கள். ஒன்றுக்குப் போகவும் படத்தை நிறுத்த விடமாட்டீர்கள். "சாட்சி சொல்லுற மனுசனை இடையில நிப்பாட்டக் கூடாதடா."

சுவரில் தொங்கிய உங்கள் தம்பியின் போட்டோவைக் காட்டி ஒருநாள் கேட்டேன். "இவருக்கு என்ன நடந்தது அண்ணை?"

"படத்தை முழுக்கப் பார். பேந்து சொல்லுறன்."

அடுத்த ஞாயிறே, "பாத்து முடிச்சிட்டன், சொல்லுங்கோ" என்றேன்.

"அப்ப கடைசியாக் கதைச்சவர் என்ன செய்தவர்?"

"அழுதவர்."

"அவர் அழவே இல்லையடா, கள்ளா!"

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கதை அதோடு போயிற்று. பிறகு நீங்களும் போய்விட்டீர்கள்.

இன்று உங்கள் மகள் வாசித்துச் சொல்ல, கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். மூன்றாவது டிஸ்க்கில் பச்சைச் சட்டைக் கிழவர் ஒருவர் வந்தார். சட்டை பச்சை என்பதே இன்றுதான் தெரியும். அவர் வந்ததும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழும்பி, "தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போவீர்கள். எனக்கும் அப்போதுதான் நல்ல நித்திரை வரும்.

மகள் வாசித்தாள்: "ஓடேக்க தம்பியின்ட கையைப் பிடிச்சிருந்தனான். நான்தான் கையை விட்டனான்."

"பேந்து?"

"பேந்து ஒண்டும் சொல்லேல்லை அங்கிள். சும்மா இருக்கிறார்."

ஒரு வசனம், அண்ணை! ஒரு வசனம் சொல்ல மாட்டாமல் ஒரு மனிதன் இன்னொருவனைப் பத்து வருடம் சோபாவில் இருத்தி வைப்பானா? உங்களுக்கு வாய் இல்லையா? எனக்குக் காது இருக்கவில்லை, அது வேறு விசயம்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "எங்கட சித்தப்பாவுக்கும் இப்பிடித்தானோ அங்கிள்?" என்றபடி ரிமோட்டை எடுத்தாள்.

"நிப்பாட்டாதை பிள்ளை. அவர் முடிக்கட்டும்."

கிழவர் பேசாமலே இருந்தார். நாங்களும் இருந்தோம். அதற்குள் அடுப்பில் வைத்த பருப்பு கருகிக் கட்டடம் முழுக்கத் தீ மணி அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தேன். தீயணைப்புக்காரர் இருவர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை நின்று பார்த்தார்கள். பிறகு மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

சட்டிக்கு இனி அடி இல்லை. அது உங்களுடையது. போன கிறிஸ்மசுக்கு இரவல் வாங்கியது.