கவாத்து என்று படித்துச் சொன்னேன்

கே.கே. நகர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சிம்ராவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, என் உடம்புக்கும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

போன மாதம் எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் பதினான்கு பேரிடம் ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று எல்லாரும் என்னிடம் கொண்டுவந்தார்கள். அதில் ‘ப்ரூன்’ என்று ஒரு வார்த்தை. நீ விட்டுப்போன அகராதியில் பார்த்தேன், கவாத்து செய்தல் என்று போட்டிருந்தது. ரோஜாச் செடியை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்குமே அதுபோலத்தான், ஆர்டர் குறைவு, கொஞ்ச நாள் நிறுத்திவைத்துத் திரும்பக் கூப்பிடுவார்கள், பயப்படாமல் போடுங்கள் என்று நானே சொன்னேன். போட்டார்கள். மறுவாரம் வாட்ச்மேன் அவர்களை உள்ளே விடவில்லை. ஆபீசில் வேலை பார்க்கும் சாருலதாவிடம் ஓடினேன், அந்தப் பெண் கம்ப்யூட்டரில் காட்டினாள், முதலாளியின் ஒரு கடிதத்தில் ‘ட்ரிம்’, அது கிளை நறுக்குவது, இன்னொன்றில் ‘தின் அவுட்’, அது நெருக்கத்தைக் கலைப்பது, வேறொன்றில் ‘வீட் அவுட்’, அப்படியென்றால் களை பிடுங்குவதாம். எல்லாம் ஒன்றுதான் அங்கிள், ஆளைக் கழித்துவிடுவது, தாங்களாகவே விலகுவதாக அவர்கள் எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றாள்.

இனாயத்தை உனக்குத் தெரியும், இருபது வருஷமாகப் பக்கத்து லேத்தில் நின்றவர், உன் நிக்காஹ்வில் பந்தி கவனித்தவர், அந்தப் பதினான்கு பேரில் அவரும் ஒருவர். அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. “இன்னா எழுதிக்கீதுன்னு உனக்கே தெரியலன்னா, தெரியலன்னு சொல்லிருக்கலாமே பாய்” என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகளே.

வியாழக்கிழமை தொழிலாளர் அதிகாரி விசாரிக்கிறார். நான் தப்பாகப் படித்துச் சொன்னதை நம்பித்தான் போட்டார்கள் என்று அங்கே சொல்லப்போகிறேன். அம்மா வேண்டாம் என்று அழுகிறாள். முதலாளி கூப்பிட்டு, பேசாமல் இருந்தால் உன் வேலை இருக்கும் என்றார். முடியாது என்றேன். சாயங்காலம் என் லேத்தின் மேலும் அதே தாள் கிடந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை.

நீ இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள், அதிகாரியிடம் கொடுக்க நடந்ததை அப்படியே இங்கிலீஷில் எழுதிக் கொடு. செடி, கிளை, களை எதுவும் வேண்டாம், வேலையை விட்டு அனுப்பினார்கள் என்றே போடு, தப்பு என்னுடையது என்றும் போடு.

அல்லாஹ் உன் குடும்பத்தை நிறைவாக வைக்கட்டும், துஆவில் எங்களை மறக்காதே. நாளைக்குள் வந்துசேர வேண்டும். பதினான்கு பேரின் பெயரும் பின்பக்கத்தில் இருக்கிறது, ஒரு பெயர்கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள் தாயே.

உன் அத்தா
ஹபீபுர் ரஹ்மான்