மாலியாவா, கிரெய்க்கா

மார்ச் 7, 1993. ஞாயிறு

வெயில். மார்ச் பிறந்தும் இங்கத்தைக் கோடை குறையவில்லை. பூசைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு. இனிப்பை விடுவதாக நேர்ந்தேன், நேற்றே ஒரு துண்டு கேக். போகட்டும்.

பூசை முடிந்து கட்சிக் கிளைக் கூட்டம். பெரிய செய்தி. வரப்போகும் தேர்தலில் எங்கள் தொகுதிக்கு வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டம் 27ஆம் திகதி. இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் கிரெய்க், பாடசாலை உப அதிபர், கட்சியில் பழைய ஆள், நன்றாகப் பேசுவார். மற்றது எங்கள் மாலியா!

மங்கரேயில் நான் வேலை செய்யும், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் தொழிற்சங்கப் பிரதிநிதி அவள். எனக்குப் பக்கத்து மேசை. சமோவாக்காரி, ஆனால் பிறந்தது இங்கே. புதுத் தொழில் சட்டம் வந்து எங்கள் தேநீர் இடைவேளையில் கை வைத்தபோது முகாமையாளரின் அறைக்குள் போய் உட்கார்ந்து, அது திரும்பக் கிடைக்கும்வரை எழும்பாதவள். சத்தம் போடவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

வெளியே வந்து ரீற்றாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். ரீற்றா எனக்கு மன்னாரிலிருந்தே சிநேகிதி, ஒரே வகுப்பு. இங்கே மவுண்ட் ரோஸ்கில்லில் அரசாங்க வீட்டில் இருக்கிறாள். நாங்கள் சேர்ந்துதான் கட்சியில் சேர்ந்தோம். அவள் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே சொன்னாள், தான் கிரெய்க்குக்கு என்று.

பகிடி என்று நினைத்தேன். இல்லை.

மார்ச் 10. புதன்

இன்றைக்கு மூன்று நீண்ட தூர விமானங்கள். நாள் முழுக்கத் தட்டு அடுக்கியதில் தோள் நோகிறது. சைவச் சாப்பாட்டில் யாரோ கோழி ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் திரும்பப் பிரித்தோம்.

இடைவேளையில் மாலியா கேட்டாள், கட்சியில் இருக்கும் தமிழ் ஆட்களோடு கதைப்பாயா என்று. எனக்கு உடனே ஓம். பிறகுதான் ரீற்றாவின் நினைவு வந்தது. அவளும் அதே ஆட்களோடுதானே கதைப்பாள்.

மார்ச் 12. வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வந்து தொலைபேசியோடு உட்கார்ந்தேன். இவர் தானே பருப்பு வைக்கிறேன் என்று போனார். உப்பு இரண்டு தரம்.

துரை அண்ணை: "ஓம் தங்கச்சி, மாலியாவுக்குத்தான். இதையும் கேக்கவேணுமோ?" சந்தோஷம்.

மதுரைக்காரம்மா, சான்ட்ரிங்ஹாம் கடைக்கு மேல்வீடு: "வீட்டுல பேசிட்டுச் சொல்றேங்க." நல்ல அம்மா. சொல்லமாட்டா.

இன்னொருவர், பெயர் வேண்டாம், தான் மாலியாவுக்குப் போடத் தயார், ஆனால் வெள்ளைக்காரர் போடுவார்களா என்று கேட்டார். அடுத்தவரும் அதையே கேட்டார்.

மகள் ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது. நான் என்ன செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் சொன்னேன். அப்படியென்றால் ரீற்றா ஆன்ரி உங்களுக்கு எதிரா என்று மறுபடி ஆங்கிலத்தில். எதிர் இல்லை, ஒரே கட்சி என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கவில்லை.

மார்ச் 14. ஞாயிறு

மைதானத்தில் கிரிக்கெட். எங்கள் தெரு முழுக்கக் கார்கள், ஒருவன் எங்கள் வாசலையே மறித்து விட்டுப் போயிருந்தான். அந்த எரிச்சலோடுதான் பூசைக்குப் போனேன். பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துரை அண்ணை ரீற்றாவிடம் கிரெய்க்குக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்! அதே பேச்சு, அதே "இதையும் கேக்கவேணுமோ." இருவரும் கார் நிறுத்துமிடத்தில் நின்று சிரித்தோம். சிரித்துக்கொண்டு இருந்தபடியே சண்டை வந்தது. எப்படி என்று இப்போதும் தெரியவில்லை.

மாலியா வெல்லமாட்டாள் என்றாள் ரீற்றா. இந்தத் தொகுதியில் வயதான வெள்ளைக்காரர் அதிகம், அவர்கள் உப அதிபருக்குப் போடுவார்கள், சமையலறைக்காரிக்குப் போடமாட்டார்கள். நானும் விட்டிருக்கலாம். உனக்கு வெள்ளைக்காரன் என்றால்தான் நம்பிக்கை என்று சொல்லிவிட்டேன்.

ரீற்றா கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு:

"எமல்டா, உனக்குச் சொந்த வீடு, மோட்கேஜ். எனக்கு வாடகை. போன முறை வெண்டு வந்தவங்கள் வாடகையை ரெண்டு தரம் கூட்டிப்போட்டாங்கள். இந்த முறையும் தோத்தா, நீ கவலைப்பட்டுப்போட்டு உன்ரை வீட்டிலைதான் இருப்பாய். நான் எங்கை போறது? எனக்கு வெல்லுற ஆள் வேணும். நல்ல ஆள் பிறகு."

சேவியர், அவளுடைய கணவர், சரக்குக் கிடங்கு வேலையில் முதுகில் அடிபட்டு வீட்டில் இருக்கிறார். இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவள் பஸ்ஸில் போனாள். எங்கள் காரில் இடம் இருந்தது.

மார்ச் 16. செவ்வாய்

மேகம். காலையில் ரீற்றாவின் வாசலில் ஹோர்ன் அடித்தேன். சேவியர் மெதுவாக வெளியே வந்து, அவள் முந்தின பஸ்ஸில் போய்விட்டதாகச் சொன்னார். அவருக்கு என்னைப் பார்க்கக் கூச்சம். எனக்கும். வழமையில் அவளை அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இறக்கிவிட்டு நான் மங்கரே போவது. இன்று றேடியோவோடு போனேன்.

இரவுச் சாப்பாட்டில் இவர்: "ரெண்டு பேரும் ஒரே கட்சிதானே? நீங்கள் ரெண்டு பேரும் அடிபட்டா மற்றக் கட்சிக்காரன்தான் சிரிப்பான்."

தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன். சரி என்பதால்தான் கோபம்.

வாங்க வேண்டியது: தேங்காய்ப்பால், ஷெரினுக்குக் காலுறை, பல் வைத்தியருக்குக் கூப்பிட.

மார்ச் 18. வியாழன்

மழை தூறல். உடுப்பை எடுக்க ஓடும்போது வாசலில் கிரெய்க். உறுப்பினர் எல்லோருடைய வீட்டுக்கும் போகிறாராம். நான் மாலியாவின் ஆள் என்று வந்தவுடனே சொல்லிவிட்டேன். தெரியும் என்றார். தெரிந்தும் வந்தார். உடுப்புக் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்து உள்ளே தூக்கித் தந்தார்.

அவரைப் பிடிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. தேத்தண்ணீர் குடித்தார், என் வேலையைப் பற்றிக் கேட்டார், பதிலை உண்மையாகவே கேட்டார். ரீற்றாவோடு வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போய் ஒரு காலை முழுக்க அவளோடு வரிசையில் நின்றிருக்கிறார். ரீற்றா இதை எனக்குச் சொல்லவே இல்லை. நான் சொல்ல விட்டேனா?

போகும்போது இவர் வாசல்வரை போய்க் கைகொடுத்தார். உள்ளே வந்து, "நல்ல மனுசன்" என்றார். நானும் ஓம் என்றேன். ஆனாலும் மாலியாதான். நல்ல மனிதர் இரண்டு பேர் இருந்தால் ஒருவரைத் தெரிவுசெய்வது இன்னும் கஷ்டம்.

மார்ச் 21. ஞாயிறு

மணிக்கூட்டைத் திருப்பி வைத்தோம். ஒரு மணித்தியாலம் இலாபம், அதைத் தூங்காமல் வீணாக்கினேன்.

கோயிலில் ரீற்றா மறுபக்க வாங்கில். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எனக்கு முன்னால் ஒரு பிலிப்பீனோக் குடும்பம், பின்னால் ஒரு கிழவர். எல்லோருக்கும் கைகொடுத்தேன். திரும்பிப் பார்த்தேன். ரீற்றாவும் பார்த்தாள். தலையை ஆட்டினாள், கொஞ்சம். நானும். நடைபாதையைத் தாண்டிப் போயிருக்கலாம். அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது.

மார்ச் 24. புதன்

கைகழுவும் இடத்தில் மாலியா தனியே நின்றாள். குழாயை நிறுத்தவில்லை. சுகமில்லையா என்று கேட்டேன்.

தான் தெரிவாகி, அதனால் கட்சி இந்தத் தொகுதியைத் தோற்றால் என்ன செய்வது என்றாள். அந்த வாடகை கட்டும் சனத்துக்கு என்ன முகத்தோடு பதில் சொல்வது. கிரெய்க் நின்றால் வெல்லக்கூடும், தான் விலகுவதுதான் சரியோ என்று யோசிக்கிறாளாம்.

ரீற்றா சொன்ன அதே சொல். மாலியாவின் வாயிலிருந்து.

தைரியம் சொல்ல நினைத்தேன். கடைசியில், விலக வேண்டாம், சனம் தெரிவுசெய்யட்டும், அதற்குத்தானே கூட்டம் வைக்கிறார்கள் என்றேன். குழாயை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரித்தது என் ஆங்கிலத்துக்கோ, என் யோசனைக்கோ தெரியாது.

மார்ச் 27. சனி

எழுத நிறைய.

மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். நான் மீன் கட்லற். ரீற்றாவும் மீன் கட்லற். ஒரே மேசையில் இரண்டு தட்டு, பக்கத்தில் பக்கத்தில். யாரோ தெரியாமல் அப்படி வைத்துவிட்டார்கள்.

கிரெய்க்கின் ஆட்கள் ஜன்னல் பக்கம், எங்கள் ஆட்கள் கதவுப் பக்கம். துரை அண்ணை நடுவில், தேநீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில், இரு பக்கமும் சிரித்துக்கொண்டு.

கிரெய்க் முதலில். அருமையாகப் பேசினார். பிறகு மாலியா. தாள் இல்லை. தான் வெல்லமாட்டேன் என்று பலர் சொல்கிறார்கள், அவர்களிடம் ஏன் என்று கேட்டேன் என்றாள். தங்களுக்குச் சம்மதம்தான், பக்கத்து வீட்டுக்காரர் போடமாட்டார் என்றார்களாம். பக்கத்து வீட்டுக்குப் போனாளாம். அவர்களும் தங்கள் பக்கத்து வீட்டைக் காட்டினார்களாம். "அந்தக் கடைசி வீட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். மண்டபம் சிரித்தது, ஜன்னல் பக்கமும்.

பிறகு கேள்வி நேரம். எழும்பியது ரீற்றா! கைப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு. பொது இடத்தில் அவள் ஆங்கிலம் கதைத்து நான் கண்டதில்லை. இருவரிடமும் ஒரே கேள்வி: அரசாங்க வீட்டு வாடகை எப்போது குறையும்?

கிரெய்க், முதல் வேலையாக மீளாய்வு செய்வோம் என்று விளக்கினார். நியாயமான பதில். மாலியா கொஞ்சம் யோசித்தாள். தெரியாது என்றாள். வாக்குக்காக ஒரு நாளைச் சொல்லமாட்டேன், குறையும்வரை உங்கள் வீட்டுக்கு வந்து நிலைமையைச் சொல்வேன், நல்ல செய்தி இல்லாவிட்டாலும் வருவேன் என்றாள். ரீற்றா நன்றி சொல்லி உட்கார்ந்தாள். இருவருக்கும் கைதட்டவில்லை.

வாக்குப் போட்டோம். பிறகு தெரிவுக் குழு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது. எங்கள் வாக்கையும் சேர்த்து அவர்கள்தான் முடிவெடுப்பது. காத்திருந்தோம், காத்திருந்தோம். கட்லற் இரண்டு தட்டும் முடிந்தது. ஒரு குழந்தை நாற்காலிக்குக் கீழே நித்திரை.

கதவு திறந்தது. மாலியா.

கத்தினேனா, அழுதேனா, தெரியாது. யாரையோ கட்டிப்பிடித்தேன், பிறகு பார்த்தால் மதுரைக்காரம்மா. கிரெய்க் மேடைக்குப் போய் மாலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் எந்தத் தெருவில் தொடங்குகிறோம் என்று கேட்டார். ஜன்னல் பக்கத்தில் சிலர் தங்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்கள். அதையும் எழுதவேண்டும்.

ரீற்றாவைத் தேடினேன். காணவில்லை.

மார்ச் 28. ஞாயிறு

நித்திரை இல்லை. சந்தோஷம் என்று நினைத்துப் படுத்தேன், விடியப் பார்த்தால் பயம். நாங்கள் கேட்டவளைத் தந்துவிட்டார்கள். இனித் தோற்றால் யாரைச் சொல்வது? ரீற்றாவின் வீடு, சேவியரின் முதுகு, எல்லாம் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கோயிலில் சமாதானம் சொல்லும் நேரம் எதையும் யோசிக்கவில்லை. நடைபாதையைத் தாண்டிப் போனேன். ரீற்றாவின் கை குளிர்ந்து இருந்தது. அன்றைக்குச் சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்றேன். பாட்டுச் சத்தத்தில் கேட்டதோ தெரியாது.

கேட்டிருக்கிறது. வெளியில் வந்து தானாகவே காருக்குள் ஏறினாள். நான் சாவியைப் போடவில்லை.

"நான் கிரெய்க்குக்குத்தான் போட்டனான். உனக்கு ஒளிக்கேல்லை."

"தெரியும்."

"அவ தெரியாது எண்டு சொன்னதை ராத்திரி முழுக்க யோசிச்சனான். மேடையிலை நிண்டு ஒருத்தரும் அப்படிச் சொல்லி நான் கேக்கேல்லை." பெல்ற்றைப் போட்டாள். "சரி. இப்ப நீ கேட்ட ஆள் வந்திட்டா. இனி அவவை வெல்லப்பண்ணு. நானும் வாறன். எனக்கு வேறை வழி இல்லை."

பிறகு அடுத்த நாள் காலை வழமை நேரத்துக்கு வந்து ஏற்றச் சொன்னாள்.

மார்ச் 31. புதன்

காற்று. உடுப்புக்கொடி அறுந்தது. ஷெரினுக்குப் பல்லில் ஒன்றும் இல்லை, நன்றி.

மாலியா வேலையில் அதே மாலியா. முள்ளுக்கரண்டி குறைகிறது என்று சண்டை. நானும் ரீற்றாவும் வாக்குக் கேட்டுக் கதவு தட்ட வருகிறோம் என்றேன். எந்த ரீற்றா, அந்தக் கேள்வி கேட்டவரா என்றாள். ஓம். கண்ணைத் துடைத்தாள், வெங்காயம் ஒன்றும் வெட்டவில்லை.

இவரும் ஞாயிறு எங்களை ஏற்றி இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார். உறுப்பினர் ஆகமாட்டாராம், சாரதி மட்டுமாம்.

ஏப்ரல் 4. குருத்தோலை ஞாயிறு

காலையில் தூறல், பிறகு நல்ல வெளிச்சம். பூசை முடிந்து அப்படியே ரீற்றாவின் தெருவுக்கு. குருத்தோலை காரின் பின்சீட்டில்.

முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவதில் நாய். மூன்றாவதில் ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு கட்சியும் ஒன்றுதான் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ரீற்றா, அவளுக்கும் வாடகை கூடியிருக்கும், திரும்ப வருவோம் என்றாள். கிரெய்க் அடுத்த தெருவில், மாலியாவின் படம் போட்ட தாள்களோடு. எங்களைக் கண்டு கையாட்டினார்.

மூலை வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்காரர். கம்பளிச் சட்டை, கையில் தேநீர்க் கோப்பை. போன முறை வாக்களிக்கவே போகவில்லையாம், வெறுத்துப்போய்விட்டதாம். மாலியாவின் படத்தைப் பார்த்தார். இவள் கெட்டிக்காரியா என்று கேட்டார்.

இடைவேளைக் கதையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ரீற்றா, அவளுடைய ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: "நான் மற்ற ஆளுக்குத்தான் வாக்குப் போட்டேன். இவ நான் நினைத்ததைவிட நல்லவ. அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்."

என் ஒரு மணி நேரப் பேச்சு இதற்குக் கிட்ட வந்திருக்காது.

கிழவர் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு வேலியடிக்கு நடந்தார். கட்சி விளம்பரப் பலகை வந்தால் இங்கே கட்டலாம், மூலை வீடு, இரண்டு தெருவுக்கும் தெரியும் என்றார். எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று கேட்டார். ரீற்றா பஸ் நிற்கும் பக்கத்தைக் காட்டினாள்.