குளிக்காமல் வந்தவர்

வைகாசி 4, ஞாயிறு.

என்னை மட்டும் ஸ்ரீரங்கத்தில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும் மகனோடும் மகளோடும் கோவளம் கடற்கரைக்குப் போய் வந்திருக்கிறார். முசிறியில் ஒரு சாவு என்றுதான் என்னிடம் சொன்னார். சாவு வீட்டிலிருந்து வந்தவர் குளிக்காமல் நேரே அடுப்படிக்குள் வந்து காபி கேட்டார். அங்கேயே பிடித்துவிட்டேன்.

"செத்தது யாருங்க?" என்றேன். கோவளம் போனதை ஒத்துக்கொண்டார்.

"நீ வந்தா ஹோட்டல் இட்லியை மோந்து பார்த்துட்டுத் தள்ளிடுவே. பசங்க ரெண்டு நாள் நிம்மதியா இருக்கட்டும்னுதான்..."

பாலைக்கூட மோந்து பார்த்துத்தான் அந்தப் பசங்களுக்குக் கொடுத்து வளர்த்தேன்.

நாளை மகள் போன் செய்து, நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மகன் அதே கடலுக்கு எனக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ஹோட்டல் இட்லி வேண்டாம், அடுப்பை நான் எடுத்து வருவேன். இவர் முதலில் போய்த் தலை முழுக வேண்டும். சாவு என்று சொல்லியாகிவிட்டது.