லிந்தா என்ற பெயரால் வந்த வினை

கூலிம், மலேசியா

அன்பு மகள் ரூபினிக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கு மற்ற எல்லாம் நலம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாயே, உன் தோட்டத்து இலைகளைத் தின்கிற ஓடில்லாத நத்தையைக் கொல்லாமல் விரட்ட வழி உண்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கி, "உப்பு போடு, செத்துப் போகும்" என்று தீர்ப்புச் சொல்லி வைத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் பதில் எழுதலாம்தான், ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே போன், எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். அதனால்தான் இந்தத் தபால்தலைச் செலவு.

அவரைக் குறை சொல்லாதே, எல்லாம் உன் மகளுக்காகத்தான். தீபாவளிக்கு வருகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து, பேத்தி தவழப் போகும் முன்வாசலை அவர் தினமும் சோதனை போடுகிறார். அப்படி ஒருநாள் பூச்சட்டிக்கு அடியில் இந்த ஓடில்லாத நத்தையைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று பக்கத்து வீட்டு இஸ்ஸதியைக் கேட்டிருக்கிறார். அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இதுவா, லிந்தா புலான் லா அண்ணே" என்றாள். மலாயில் இதற்கு அதுதான் பெயர். ஆனால் லிந்தா என்று மட்டும் சொன்னால் அட்டை. அந்த ஒரு சொல் போதாதா? ரப்பர் காட்டில் கால் முழுவதும் அட்டைக்கடி பட்டு வளர்ந்த மனிதர், பேத்தியின் ரத்தத்தை உறிஞ்ச ஒரு படையே வாசலில் காத்திருப்பதாக முடிவு கட்டிவிட்டார். அட்டைக்கு மருந்து உப்புதானே, ஒரு பொட்டலத்தைக் கொட்டினார். அது நுரை தள்ளிச் செத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த வாரம் என் புதினாவும் வல்லாரையும் கருகின. நத்தை வருஷம் முழுக்கத் தின்றிருந்தாலும் அவ்வளவு சேதம் வந்திருக்காது. அதற்கும் அவர் மனம் தளரவில்லை, காளிதாசனைக் கூப்பிட்டு வாசல் முழுவதும் சிமெண்டு போட நாள் குறித்துவிட்டார். வீடு கட்டும் வேலையெல்லாம் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் அந்தக் காளிதாசன், "பளிச்சுனு இருக்கும் டீச்சர்" என்று என்னிடமே வந்து சொல்கிறார். ஆக, பேத்தி தவழ ஒரு கார் பார்க் தயாராகிறது. எனக்கென்று இருப்பது அந்தத் துண்டு மண்தான் ரூபினி, அதில் அந்தப் பிள்ளையின் கை பட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

வாதாடிப் பயனில்லை என்று ஒன்றைப் பிடித்து என் புறங்கையில் விட்டுக் காட்டினேன். அது பாட்டுக்கு ஈரக்கோடு போட்டுக்கொண்டு போனது. கடிக்கவில்லை பாருங்கள் என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, "கெழட்டு ரத்தம் அதுக்குப் பிடிக்கல போல" என்றார். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இப்படி ஒரு மாணவர் எனக்கு வாய்த்ததில்லை. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இதன் உடம்பில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கும், பிள்ளையைத் தொட விடாதே, கீரையை நன்றாக அலசு. அந்த மட்டில் அவர் பயமும் நியாயம்தான்.

ஓடுள்ள நத்தை சொந்த வீட்டுக்காரன் என்றால் இது வாடகைக்கு இடம் தேடுகிறவன். உடம்பு காய்ந்தால் பிழைக்காது, ஆகவே பகலில் சட்டி, பலகை, உதிர்ந்த இலை என்று ஈரமான இருட்டில் ஒண்டிக்கொள்ளும், பொழுது சாய்ந்ததும் சாப்பாடு தேடும். அழுகிய இலையைத் தின்று மண்ணுக்கு உரமாக்குவதும் அதுதான். உன் அப்பாவோ, பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து தண்ணீர் ஊற்றிய பழக்கத்தில், ஓய்வு பெற்ற பிறகும் மாலையில்தான் ஊற்றுகிறார். பாதையை நனைத்து, பந்தியும் விரித்து வைத்துவிட்டு, விருந்தாளி வருகிறானே என்று உப்போடு நிற்கிறார்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுப் பார்த்தேன், ஒரு மழை பெய்ததும் அதன் மேலேயே ஏறிப் போயிற்று. பிறகு சட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன், இலைக் குப்பையைச் செடிகளிடமிருந்து தள்ளிக் குவித்தேன், சாயங்காலம் ஒரு பப்பாளித் தோலைக் கவிழ்த்து வைத்தேன். விடிந்து பார்த்தால் எல்லாம் அதற்கடியில் கூட்டம் போட்டிருந்தன. கொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அவற்றை அப்புறப்படுத்தும் வேலையை உன் அப்பாவிடம் கொடுத்தேன். மைலோ டின்னில் போட்டு, மோட்டார் சைக்கிளில் வைத்து, அவர் பிறந்த பழைய ரப்பர் தோட்டம் வரை கொண்டுபோய் விடுகிறார். எதற்கு அவ்வளவு தூரம் என்றதற்கு, "நம்மளத்தான் அங்கிருந்து கெளப்பி விட்டாங்க, இதுங்களாச்சும் குடியிருக்கட்டும்" என்றார்.

நேற்று காளிதாசன் போன் செய்தார். தீபாவளி வரைக்கும் பொறு, அதற்குள் வாசலில் ஒன்று கண்ணில் பட்டாலும் சிமெண்டுதான் என்று உன் அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். என் மண்ணுக்கு ஜாமீன்தான் கிடைத்திருக்கிறது, விடுதலை இல்லை. மாலைத் தண்ணீரை இன்னும் அவர் விட்டபாடில்லை. வானமே மாலையில் பெய்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, குழாயையாவது நிறுத்தலாம். நான் சொன்னால் டீச்சர் வேலையை ஆரம்பித்துவிட்டாய் என்பார், நீ சொன்னால் கேட்பார். ஆகவே முதலில் உன் தோட்டத்தில் செய்து பார்த்துவிட்டு, நீயே கண்டுபிடித்ததுபோல அவரிடம் போனில் சொல். இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. பேத்தி நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு வளரட்டும், உங்கள் வீட்டில் நிம்மதி நிலைக்கட்டும். வரும்போது பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டையாக எடுத்து வா, அழுக்கானால் பரவாயில்லை என்பது மாதிரி. நாளையிலிருந்து செடிகளுக்குத் தண்ணீரைக் காலையில் ஊற்று.

இப்படிக்கு
உன் அம்மா
குணசுந்தரி